பின்விளக்கே முதல் விளக்கு



பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசின் விலையில்லா மிதிவண்டி கைக்கு வந்ததும், "சாமி, வண்டிக்கு லைட் போடவேண்டும், எதை வாங்கலாம்?" என்று சிலர் நம்மை வினவுவதுண்டு. தனிப்பயிற்சி முடிந்து இரவு எட்டு மணிக்கு நெடுஞ்சாலை ஓரமாக வீடு திரும்பும் பிள்ளையைப் பற்றிய கேள்வி அது. "முதலில் பின்விளக்கை வாங்குங்கள்" என்று நாம் சொன்னால் வியப்படைகின்றனர். விளக்கு என்றதும் நம்மவர் எண்ணத்தில் எழுவது முன்விளக்கே.

முன்னால் வருவதைக் காணப் பிள்ளைக்குக் கண் இருக்கிறது. முதுகிலோ கண் இல்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். ஓட்டுநர் கண்டு, கால் பிரேக்கை அடைவதற்குள்ளேயே அத்தனை தூரம் கழிந்துவிடும். வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரம் அதற்கும் அப்பால். எதிரே வரும் வாகனத்திற்காக அவர் தம் விளக்கைத் தாழ்த்தியிருந்தால், கருநிற உடையணிந்த பிள்ளை மிக அருகில் வந்த பின்னரே கண்ணில் படும். சிறியதொரு சிவப்பு விளக்கோ நூறு மீட்டருக்கு அப்பாலிருந்தே தன்னை அறிவித்துவிடும்.

"பின்னால் சிவப்பு வில்லை இருக்கிறதே" என்பர் சிலர். இருக்கட்டும், அதைக் கழற்ற வேண்டாம். ஆனால் அதற்கென்று சொந்த ஒளி இல்லை. பிறர் வெளிச்சம் அதன்மேல் பட்டால்தான் மின்னும். சேறு படிந்தால் அதுவும் இல்லை. வேளாங்கண்ணிக்கு இரவில் நடந்து செல்வோரின் பைகளில் ஒட்டப்படும் ஒளிரும் பட்டையை மட்கார்டிலும் மிதிகட்டையிலும் ஒட்டிவைப்பது நன்று. மேலும் கீழும் அசையும் மிதிகட்டையின் மினுக்கம், வருவது மிதிவண்டி என்பதைத் தெளிவாகக் காட்டிவிடும்.

மூத்தோருக்கு டைனமோ நினைவிருக்கும். 6 வோல்ட், 3 வாட். டயரில் உரசிச் சுழன்று காலுக்குப் பாரத்தைக் கூட்டும், மழையில் வழுக்கும், மேட்டில் மங்கும், வண்டி நின்றால் விளக்கும் அணையும். சாலையைக் கடக்க நடுவில் நிற்கும் வேளையில் இருளில் நிற்க நேர்ந்தது அதனால்தான். விளக்கில்லாமல் சென்றால் காவலர் அபராதம் விதித்த காலம் அது. அக்கண்டிப்பை இன்று காண்பது அரிது. அதை நாம் முன்னேற்றமாகக் கருதவில்லை.

இப்போது கிடைக்கும் எல்.இ.டி. விளக்குகள் சிறிதளவு மின்சாரத்தில் நெடுநேரம் எரிகின்றன. கைப்பேசியைப் போலவே மின்னேற்றலாம். ஆனால் கைப்பேசிக்கு மறவாத பிள்ளை விளக்குக்கு மறந்துவிடும்! ஆகவே மாற்று பேட்டரி போடும் வகையைச் சில வீடுகளுக்குப் பரிந்துரைக்கிறோம். வண்டியை வெளியே நிறுத்துவோர் விளக்கைக் கழற்றி உடன் எடுத்துச் செல்வது நலம்.

முன்விளக்கை வாங்குகையில் பெட்டிமேல் அச்சிட்ட பெரிய எண்களைக் கண்டு மயங்க வேண்டாம். ஒளி எவ்வளவு என்பதைவிட எங்கே விழுகிறது என்பதே பெரிது. தெருவிளக்குள்ள ஊரில் சிறு விளக்கு போதும். இருண்ட கிராமச் சாலையில் பள்ளமும் கல்லும் பத்து மீட்டர் முன்னதாகவே தெரிய வேண்டும். வெளிச்சத்தின் நடுப்பகுதி சாலையில் விழுமாறு விளக்கைச் சற்றுக் கீழ்நோக்கிப் பொருத்துங்கள். எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்தால் ஆபத்து நமக்கே திரும்பும். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, இதை மாற்றலாகாது. விட்டுவிட்டு ஒளிரும் விளக்கு கவனத்தை ஈர்ப்பினும், இருளில் அதன் தொலைவைக் கணிப்பது கடினம். ஆதலால் ஊருக்கு வெளியே நிலையாக எரியவிடுக.

இன்னொன்று. இருக்கைக்குக் கீழே பொருத்திய பின்விளக்கைக் கேரியரில் வைத்த புத்தகப்பையோ அரிசி மூட்டையோ மறைத்துவிடும். பின்னால் அமர்ந்த தங்கையின் பாவாடையும் மறைக்கும். கேரியரின் பின்முனையிலோ மட்கார்டிலோ அதைப் பொருத்துங்கள். பிறகு ஓர் இரவு சுமையோடு வண்டியை நிறுத்தி, ஐம்பது அடி பின்னே நடந்து சென்று, பிள்ளையையே திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.