நிலைமாறிய நா

கருத்து மாறுதல் குற்றமன்று. கற்றோன் ஆய்ந்து மாறுவான். மாறியதன் கரணியத்தையும் ஊரறிய உரைப்பான். கரணியம் கூறாது புரளும் நாவே குமுகாயத்திற்கு நஞ்சு. அமெரிக்கக் கத்தோலிக்கக் குரவர் சார்லசு காக்ளின் வரலாறே இதற்குச் சான்று.

1926-இல் மிச்சிகன் மாநிலத்தில் வானொலிச் சமயவுரை தொடங்கியவர், பொருளியல் வீழ்ச்சிக் காலத்தில் அரசியலுரைஞரானார். அவருக்குச் செவிசாய்த்தோர் 3 கோடி வரையினர் எனக் கணித்தனர். 1933-இல், குடியரசுத் தலைவர் உரூசுவெல்ட்டை விட்டால் அழிவே என முழங்கினார். 1936-இல் அவரையே பொய்யர் என்றார். இடையில் நிகழ்ந்ததென்ன? வெள்ளியின் மதிப்பை உயர்த்துக என அவர் ஓயாது பேசிவந்த காலத்தில், அவர்தம் செயலாளர் பெயரில் 5 நூறாயிரம் அவுன்சு வெள்ளி முன்பேர வணிகத்தில் இருந்தமையை 1934-இல் கருவூலத்துறை வெளிப்படுத்தியது!

1936 தேர்தலில் தாம் தாங்கிநின்ற இலெம்கே 90 நூறாயிரம் ஒப்போலை பெறாவிடின் வானொலியை விட்டகல்வதாகச் சூளுரைத்தார். கிடைத்தவை 9 நூறாயிரத்திற்கும் குறைவு. அகன்றவர், 1937 தொடக்கத்திலேயே மீண்டார். 1938-இல், செருமனியில் யூதர்தம் வழிபாட்டகங்கள் எரிந்த சில நாள்களுள், அவ்வெறியாட்டத்திற்கு ஞாயம் கற்பித்தார். 1942-இல் பேராயர் ஆணையே அவர் அரசியல் வாயை அடைத்தது.

அவரை வளர்த்தவர் யார்? குரலினிமையில் மயங்கி, நேற்றைய சொல்லை இன்றைய சொல்லோடு ஒப்பிட மறந்த கேட்போரே! நாநலம் வேறு, வாய்மை வேறு. பேசுவோன் புரள்வது அவன் இழிவு. கேட்போர் கணக்குக் கேளாமை நாட்டின் அழிவு. ஆகலின் அன்பர்களே, எவர் குரல் கேட்பினும், நேற்று என்ன சொன்னீர், இன்று ஏன் மாறினீர் என வினவுங்கள்!