சவப்பெட்டி கொடுத்தவர்கள் பெயரைத் தரவில்லை

அயர்லாந்தின் கில்கென்னி நகரில், ரயில் நிலையத்தை ஒட்டி வணிக வளாகம் கட்டும் வேலை 2005-இல் நடந்துகொண்டிருந்தபோது மண்ணுக்கடியில் எலும்புக்கூடுகள் தென்பட்டன. தொல்லியலாளர்கள் தோண்டத் தோண்டக் குழிகள் வந்துகொண்டே இருந்தன. மொத்தம் 63 குழிகள். அவற்றில் குறைந்தது 970 பேர். பாதிக்கு மேல் சிறுவர் சிறுமியர்.

அந்த இடத்தில்தான் ஒரு காலத்தில் கில்கென்னியின் 'வொர்க்ஹவுஸ்', அதாவது ஏழைகள் விடுதி இருந்தது. 1838-இல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த ஏழையர் சட்டத்தின்படி அயர்லாந்து முழுக்க முதலில் கட்டப்பட்ட 130 விடுதிகளில் அதுவும் ஒன்று. உள்ளே நுழைந்ததும் கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறு பக்கம் என்று பிரித்துவிடுவார்கள். 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் நாட்டில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் பசியிலும் காய்ச்சலிலும் மாண்டார்கள். நகரத்து இடுகாடுகள் நிரம்பிவிடவே, கில்கென்னி விடுதி 1847 முதல் தன் வளாகத்திலேயே பிணங்களைப் புதைத்தது.

அந்தக் குழிகளுக்குள் இருந்ததைக் கவனிக்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தாலும் உடல்கள் சவப்பெட்டிகளில்தான் கிடத்தப்பட்டிருந்தன. பெரியவர்கள் பலரின் பல்வரிசையில் வட்டமாக ஒரு தேய்மானம்: ஆண்டுக்கணக்கில் களிமண் புகைக்குழாயைக் கடித்துப் பிடித்ததன் தடம். எலும்புகளில் ஸ்கர்வி நோயின் வடுக்கள். உருளைக்கிழங்கு தந்த வைட்டமின் சி, நிவாரணமாகக் கிடைத்த மக்காச்சோளத்தில் இல்லை. வயிற்றுக்கு அளந்து கொடுத்தவர்களின் கணக்கில் இந்தக் குறை வரவே இல்லை.

சில ஊர்களில் ஆளுக்கொரு பெட்டிகூட இல்லை. ஸ்கிபரீன் என்ற ஊரில் அடிப்பலகை கீல் போட்டுத் திறக்கும் பெட்டியில் பிணத்தைக் கொண்டுபோய்க் குழியில் விழச் செய்து, அதே பெட்டியை அடுத்த பிணத்துக்கு எடுத்து வந்தார்கள். அங்குள்ள ஆபிஸ்ட்ரூரி இடுகாட்டில் எட்டாயிரம் முதல் பத்தாயிரம் பேர் வரை பொதுக்குழியில் கிடப்பதாக மதிப்பிடுகிறார்கள்.

பஞ்ச காலத்தில் வேறென்ன செய்திருக்க முடியும் என்று சிலர் கேட்கக்கூடும். அந்த நெருக்கடியிலும் கில்கென்னி நிர்வாகத்தால் சவப்பெட்டி கொடுக்க முடிந்தது. புதைத்த இடத்தை 150 ஆண்டுகளுக்குள் ஊரே மறந்துபோனதற்குப் பஞ்சத்தின் மேல் பழிபோட முடியாது. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருந்தால் அதை விட்டுக்கொடுத்த பிறகே நிவாரணம் என்று 1847-இல் சட்டம் போட்டார்கள். நிலத்தைப் பறிகொடுத்து உள்ளே வந்தவரின் கடைசி ஆறடியையாவது குறித்து வைத்திருக்க வேண்டாமா? கில்கென்னி எலும்புகள் 2010-இல் ஒரு நினைவுத் தோட்டத்தில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. செய்ய வேண்டியதைத்தான் செய்தார்கள். ஆனால் யார் யார் என்பது இன்றுவரை தெரியாது.

இதன் தொடர்ச்சிதான் டூம். அவ்வூரின் பழைய ஏழைகள் விடுதிக் கட்டடத்தில், 1925 முதல் 1961 வரை, மணமாகாத தாய்மாருக்கும் குழந்தைகளுக்குமான இல்லத்தைக் கன்னியாஸ்திரிகள் நடத்தினார்கள். அங்கு இறந்த 796 குழந்தைகளின் இறப்புச் சான்றுகளை உள்ளூர் வரலாற்று ஆர்வலர் கேத்தரின் கார்லெஸ் தேடி எடுத்தார். கழிவுநீருக்காகக் கட்டப்பட்டதாகத் தோன்றும் நிலத்தடி அறைகளில் குழந்தைகளின் எலும்புகள் இருப்பதை 2017-இல் விசாரணை ஆணையம் உறுதி செய்தது. 2022-இல் தனிச் சட்டம் வந்தது; 2025-இல்தான் அகழாய்வு தொடங்கியது. இங்கே பெயர்ப்பட்டியல் இருக்கிறது, அடக்கம் செய்த பதிவுதான் இல்லை.

டூமில் காட்டும் அக்கறையை மற்ற ஊர்களுக்கும் அயர்லாந்து அரசு விரிக்க வேண்டும். ஏழைகள் விடுதி இருந்த ஒவ்வொரு நிலத்தையும் பழைய வரைபடங்களோடு ஒப்பிட்டு, கட்டட அனுமதி கொடுக்கும் முன்பே புதைகுழிகளை அடையாளம் காண வேண்டும். எஞ்சியிருக்கும் விடுதிப் பதிவேடுகளில் உள்ள பெயர்களை எவரும் தேடிப் பார்க்கும்படி இணையத்தில் ஏற்ற வேண்டும். டூம் குழந்தைகளின் உடன்பிறந்தோர் பலர் முதுமையில் இருக்கிறார்கள். அவர்களின் மரபணு மாதிரிகளைச் சேகரிக்கும் வேலை ஒரு நாள்கூடத் தள்ளிப்போகக் கூடாது.