சுவரில் செம்மண்

ஜெய்ப்பூரை 'இளஞ்சிவப்பு நகரம்' என்கிறார்கள். நேரில் பார்த்தால் சுட்ட மண்சட்டியின் நிறம்தான். 1876இல் வேல்ஸ் இளவரசரை வரவேற்க மன்னர் ராம்சிங் பூசச் செய்ததாம். இந்தியில் 'கேரு' எனப்படும் காவிதான் இந்த நிறம். இரும்புத் துருவின் சிவப்பு. வெயிலில் எளிதில் வெளுக்காது.

இன்று அதே நிறம் 'டெரகோட்டா' என்று டப்பாவில் வருகிறது. சிமென்ட் சுவருக்குத் தாராளமாக அடிக்கலாம். நான்கு சுவருக்கும் வேண்டாம், ஃப்ளாட் குகையாகிவிடும். ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் போதும். பழைய சுண்ணாம்புச் சுவர் என்றால் யோசியுங்கள். அது ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும் சுவர். பிளாஸ்டிக் எமல்ஷன் வழியை அடைத்துவிடும். மழைக்காலத்தில் பெயின்ட் உப்பி, காரையோடு உதிரும். அங்கே சுண்ணாம்பில் காவி கலந்து அடிப்பதே சரி. செலவும் குறைவு. என்ன, சாய்ந்தால் சட்டையில் ஒட்டும். சோபாவை ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.