சுமையைக் கட்டுபவருக்கும் அதிகாரம் வேண்டும்

கலாசிபாளையத்தில் லாரிகளில் சரக்கு ஏற்றுவதை நம் வாசகர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பாரம் ஏற்றி முடிந்ததும் கிளீனர் கயிற்றை இழுத்துக் கட்டுவார். ஓசூர் தாண்டும்போது கட்டு தளர்ந்தால் வண்டியை ஓரமாக நிறுத்தி மறுபடி இறுக்கிக் கொள்ளலாம். ஆகாயத்தில் பறக்கும் விமானத்துக்கு அந்த வசதி கிடையாது.

2013 ஏப்ரல் 29-ம் தேதி ஆப்கானிஸ்தானில் உள்ள பாக்ராம் தளத்தில் நடந்த விபத்து இதற்குச் சாட்சி. அமெரிக்கத் தனியார் சரக்கு நிறுவனம் ஒன்றின் போயிங் 747 விமானம், ராணுவக் கவச வண்டிகள் ஐந்தை ஏற்றிக் கொண்டு துபாய்க்குக் கிளம்பியது. இரண்டு வண்டிகள் தலா 12 டன். மூன்று தலா 18 டன். தரையை விட்டு எழும்பிய சற்று நேரத்தில் விமானத்தின் மூக்கு செங்குத்தாக உயர்ந்தது. பிறகு அது அப்படியே தரையில் விழுந்து எரிந்தது. அதில் இருந்த ஏழு பேரும் மாண்டனர்.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரணை நடத்தியது. வண்டி ஒன்று கட்டிலிருந்து விடுபட்டுப் பின்னோக்கி நகர்ந்து, வால் பகுதியில் விமானத்தை மேலும் கீழும் திருப்பும் கருவிகளை நொறுக்கிவிட்டது என்று கண்டறிந்தது. அதன் பிறகு எப்பேர்ப்பட்ட விமானியாலும் எதுவும் செய்திருக்க முடியாது.

18 டன் வண்டி ஒன்றுக்கு 26 நைலான் பட்டைகள் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பட்டையும் 5,000 பவுண்டு, அதாவது சுமார் இரண்டே கால் டன் தாங்கும். பெருக்கிப் பார்த்தால் 58 டன்னுக்கு மேல் வருகிறது. வண்டியின் எடையைப் போல் மூன்று மடங்கு! இது போதாதா என்று யாருக்கும் தோன்றும். போதாது என்பதுதான் உண்மை.

அமெரிக்க ராணுவ விமானங்களில் ஒரு கணக்கு உண்டு. சுமை முன்னால் பாயாமல் தடுக்க அதன் எடையைப் போல் மூன்று மடங்கு பலம் வேண்டும். மேலே எழும்பாமல் இருக்க இரண்டு மடங்கு. பின்னாலும் பக்கவாட்டிலும் நகராமல் இருக்க ஒன்றரை மடங்கு. அதன்படி 18 டன் வண்டி பின்னால் நகராமல் இருக்க மட்டும் 27 டன் பலம் தேவை. 26 பட்டைகளில் பாதி முன்பக்க ஓட்டத்தைத் தடுக்கக் கட்டப்பட்டவை என்று வைத்துக் கொள்வோம். அவை பின்பக்கத்துக்கு உதவா. மீதி 13 பட்டைகளும் கீழ்நோக்கியும் பக்கவாட்டிலும் சாய்ந்து நின்றால், ஒவ்வொன்றின் பலமும் பாதியாகக் குறைந்துவிடும். ஆக, கையில் இருப்பது 15 டன்தான். பட்டைகளை எண்ணுவது எளிது; கோணத்தைக் கணக்கிடுவதற்குப் படிப்பு வேண்டும்.

முந்தைய பயணத்திலேயே சில பட்டைகள் தளர்ந்திருந்ததைப் பற்றி விமானக் குழுவினர் பேசிக் கொண்டது பதிவுக் கருவியில் இருந்தது. ஆனாலும் விமானம் கிளம்பிவிட்டது. அந்த நிறுவனத்தின் விதிநூலிலேயே குறைகள் இருந்தன. மேற்பார்வை அதிகாரிகள் அவற்றைக் கவனிக்கவில்லை. விமானிக்கும் மெக்கானிக்குக்கும் அரசுச் சான்றிதழ் கட்டாயமாக இருக்க, சுமையைக் கட்டும் பொறுப்பாளருக்கு அப்படி எதுவும் தேவைப்படவில்லை! இந்தக் குறையை நீக்க வேண்டும் என்று வாரியம் பரிந்துரை செய்தது.

இது எங்கோ நடந்த கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. 1962 அக்டோபரில் சீனப் படையெடுப்பின்போது, சண்டிகரிலிருந்து ஏ.எம்.எக்ஸ்-13 டாங்கிகளை ஏ.என்-12 விமானங்களில் ஏற்றி, 14,000 அடிக்கு மேல் உள்ள சுஷூலில் இறக்கியவர்கள் நம் விமானப் படையினர். 2020-ல் கல்வான் மோதலுக்குப் பின் சுமார் 90 டாங்கிகளும் 330 கவச வண்டிகளும் லடாக்குக்கு விமானத்தில் கொண்டு செல்லப்பட்டதாக 2023-ல் செய்திகள் வெளியாயின. விமானிகளின் தீரத்தை நாடு பாராட்டியது, நியாயம்தான். ஆனால் விமானத்தின் வயிற்றுக்குள் மண்டியிட்டு ஒவ்வொரு சங்கிலியையும் இறுக்கியவரை யார் நினைத்தார்கள்?

போர்க்கால அவசரத்தில் கோணம் பார்த்துக் கொண்டிருக்க முடியுமா என்று சிலர் கேட்கலாம். அவசரம் இருப்பதால்தான் பார்க்க வேண்டும். விழுந்த விமானத்தில் போன டாங்கி எல்லைக்குப் போய்ச் சேராது. ஓடுபாதையில் விழுந்துவிட்டால், அடுத்து வரும் விமானமும் இறங்க முடியாது.

எனவே மூன்று காரியங்கள் நடைபெற வேண்டும். முதலாவது, கனரக வண்டிகளை ஏற்றும் விமானம் ராணுவத்துடையதாயினும் வாடகைக்கு எடுத்த தனியார் விமானமாயினும், கட்டும் பொறுப்பாளர் தேர்வு எழுதிச் சான்று பெற்றவராக இருக்க வேண்டும். இரண்டாவது, வழியில் எங்கே இறங்கினாலும் எல்லாக் கட்டுகளையும் சோதித்துக் கையெழுத்திட வேண்டும். தளர்ந்த பட்டையை இறுக்கினால் மட்டும் போதாது. அது ஏன் தளர்ந்தது என்று தெரிந்த பிறகே கிளம்ப வேண்டும். மூன்றாவது, இதுவே முக்கியம்: "இந்தக் கட்டு தாங்காது" என்று அவர் சொன்னால், எத்தனை பெரிய அதிகாரி நின்றாலும் விமானம் நகரக் கூடாது. அப்படிச் சொன்னதற்காக அவருக்கு எந்தத் தீங்கும் நேரக் கூடாது.

லாரி கிளீனர் "கயிறு சரியில்லை அண்ணே" என்று குரல் கொடுத்தால், நல்ல டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். பாக்ராமில் ஏழு உயிர்களைக் காப்பாற்ற அந்த ஒரு பழக்கம் போதுமானதாக இருந்திருக்கும்.