பெட்டியும் சாவியும்

வீட்டுக்கு ஓர் இரும்புப் பெட்டி என்பது டில்லித் தமிழ்க் குடும்பங்களில் எழுதாத விதி. கரோல்பாகின் மாடி அறையாயினும், ராமகிருஷ்ணபுரத்து அரசாங்கக் குடியிருப்பாயினும், கட்டிலுக்கு அடியில் அது இருக்கும். ஊர் நிலத்தின் பட்டா, பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல், ஜாதகக் கட்டு, திருமணப் புகைப்படம் யாவும் அதனுள் உறங்கும். வீடு மாறுங்கால் வண்டியில் முதலில் ஏறுவதும் அதுவே. அப்பெட்டியின் அலுவலை இன்று பெரும்பாலும் கணிப்பொறி ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் பெட்டியை அடுக்குவதில் நம் தாய்மார் காட்டிய கவனத்தில் கால்பங்கேனும் கணிப்பொறியை அடுக்குவதில் நாம் காட்டுகின்றோமா? இல்லை என்றே கூற வேண்டும். அதைப் பற்றியே இம்மாதம் சில சொற்கள்.

2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்து வந்த வழக்கமான ஆதரவு முடிவுற்றது. ஆகவே நம் வீட்டுக் கணிப்பொறியிலும் விண்டோஸ் 11ஐப் புதிதாக ஏற்ற வேண்டியதாயிற்று. பழுது பார்க்கும் அன்பர், "ஸி டிரைவை அழித்துவிடலாமா? டி டிரைவில் கைவைக்க மாட்டேன்" என்று முறையாகத்தான் கேட்டார். நாமும் யோசியாமல் "ஆகட்டும்" என்றோம். அந்த ஒரு சொல்லால் நாம் பட்டது இரண்டு.

நம் தாயாரைப் பெற்ற பாட்டனார் 1956ஆம் ஆண்டில் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் டில்லி வந்து இறங்கியவர். முதல் குளிர்காலத்தை ஒரே கம்பளியில் நண்பர் ஒருவரோடு பகிர்ந்து கழித்தது முதற்கொண்டு, தம் வரலாற்றை நாற்பது பக்க அளவில் எழுதி வைத்தார். 2004ஆம் ஆண்டில் மாமா அதைக் கணிப்பொறியில் தட்டச்சு செய்தார். பாட்டனார் மறைந்தார்; கையெழுத்து நோட்டைக் கரையான் தின்றது; எஞ்சியது அக்கோப்பு ஒன்றே. டி டிரைவில் இருந்தமையால் அது அழியவில்லை என்று மகிழ்ந்து திறந்தோம். தமிழ் எழுத்து ஒன்றேனும் இல்லை. ஆங்கில எழுத்துக்களும், கொம்பும் புள்ளியும் முளைத்த வேற்றுக் குறிகளுமே பக்கம் பக்கமாக நின்றன. தாயார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்து, "அப்பா எழுதினது எங்கேடா போச்சு?" என்றார்.

மற்றொன்று, பாட்டியார் பாடிய தாலாட்டு. மூன்று நிமிட ஒலிப்பதிவு. கண்ணெதிரே இருக்கட்டும் என்று அதைக் கணிப்பொறியின் முகப்புத் திரையிலேயே வைத்திருந்தோம். அது அடியோடு போயிற்று.

இவ்விரண்டும் ஏன் நேர்ந்தன என்பதைப் பின்னரே கேட்டறிந்தோம். நாம் நிபுணர் அல்லோம்; அறிந்த அளவில் கூறுகின்றோம்.

ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்தட்டைப் பிரிப்பது, ஒரே வயலுக்கு நடுவே வரப்பிடுவது போன்றது. நிலம் ஒன்றே; பாகம் இரண்டு. முதற்பாகத்துக்கு ஸி என்னும் எழுத்து வந்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. ஏ, பி என்னும் எழுத்துக்கள் பழைய ஃபிளாப்பித் தட்டுகளுக்கு உரியனவாயிருந்தன. 1983ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வன்தட்டோடு வெளியிட்ட எக்ஸ்.டி. என்னும் கணிப்பொறியில் அத்தட்டின் கொள்ளளவு 10 மெகாபைட். இன்றைய செல்பேசிப் படங்கள் இரண்டு மூன்றுக்கே அவ்விடம் சரியாகிவிடும். ஃபிளாப்பி மறைந்தும் ஸி மட்டும் நிலைத்துவிட்டது.

எப்பாகத்தில் எதை வைப்பது? நாம் பணிபுரியும் ரயில்வே அலுவலகத்தில் இதற்கு விடை கண்டோம். அங்கே அச்சடித்த படிவங்கள் கட்டுக் கட்டாய் உண்டு; தீர்ந்தால் இண்டெண்ட் எழுதி மறுபடி வாங்கலாம். ஊழியரின் சர்வீஸ் புத்தகமோ அத்தகையதன்று. அது தொலைந்தால் ஒருவருடைய முப்பதாண்டுப் பணியைத் துண்டு துண்டாகத் தேடித் தொகுக்க வேண்டும். கணிப்பொறியில் விண்டோஸும் நிரல்களும் படிவங்களைப் போன்றன, மீண்டும் கிடைக்கும். நம் எழுத்து, படம், குரல் ஆகியன சர்வீஸ் புத்தகத்தைப் போன்றன, மீண்டும் கிடையா. முன்னவை ஸியில் இருக்கட்டும். பின்னவை டியில் இருக்கட்டும். இதுவே பாகுபாட்டின் பொருள்.

சிலர் இடம் மிச்சம் பிடிக்க எண்ணி நிரல்களையும் டிக்கு இழுத்துச் செல்வர். பெரும்பாலான நிரல்கள் நிறுவப்படும்போதே தம் குறிப்புகளை விண்டோஸின் பதிவேட்டில் எழுதிவிடுகின்றன. ஸி அழிந்தால் அக்குறிப்புகளும் அழியும். டியில் உள்ள நிரல் பெரும்பாலும் உயிரற்ற கூடாகவே நிற்கும். ஆகவே அம்முயற்சியில் பயன் சிறிது.

தாலாட்டு போன காரணம் இனி விளங்கும். முகப்புத் திரை, டாகுமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் ஆகிய அறைகள் தனித்து நிற்பன போலத் தோன்றினும், இயல்பாக அவை ஸி டிரைவின் உள்ளேயே இருக்கின்றன. அவ்வறையின் மீது வலப்பக்கப் பொத்தானை அழுத்தி, பிராப்பர்ட்டீஸ் என்பதில் லொகேஷன் என்னும் பகுதியைத் திறந்து, மூவ் என்பதன் வழியே டி டிரைவில் அதற்கென ஓர் அறையைக் காட்டினால், அது அங்கே குடியேறிவிடும். ஐந்து நிமிட வேலை. நாம் செய்யவில்லை.

பாட்டனாரின் கோப்பு பிழைத்தும் வாசிக்க இயலாமற் போனதே, அது தமிழர்க்கே உரிய சங்கடம். தமிழுக்கு யூனிகோடில் 1991ஆம் ஆண்டிலேயே இடம் கிடைத்ததாயினும், அது வீடுகளில் பரவ நெடுங்காலம் ஆயிற்று. அதற்கு முன்பு ஒவ்வோர் எழுத்துரு அமைப்பாளரும் ஆங்கில எழுத்துக்களின் இடங்களில் தமிழ் எழுத்துக்களைத் தத்தம் விருப்பப்படி அமர்த்தினர். 1999ஆம் ஆண்டில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்னும் தரங்கள் வந்தன. இணையத்தில் திஸ்கி என்னும் முறை வழங்கியது. அக்காலத்துக் கோப்பில் இருப்பது எண்களே. அவற்றைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு. அவ்வெழுத்துருவோ விண்டோஸின் உள்ளே, ஸி டிரைவில் வாழ்வது. பெட்டியைக் காத்தோம், சாவியைக் குப்பையில் எறிந்தோம் என்க.

நல்வேளையாக மாமாவுக்கு எழுத்துருவின் பெயர் நினைவிருந்தது; பழைய குறுந்தகடு ஒன்றில் அது அகப்படவும் செய்தது. எழுத்துரு மாற்றி ஒன்றின் துணையால் ஒரே மாலையில் நாற்பது பக்கமும் யூனிகோடுக்கு வந்தன. 1998ஆம் ஆண்டு தொடங்கிய மதுரைத் திட்டத்தாரும் திஸ்கியில் வெளியிட்ட நூல்களைப் பின்னர் இவ்வாறே யூனிகோடில் அளித்தனர். உங்கள் வீட்டில் அக்காலத்துக் கடிதமோ, கவிதையோ, சங்க மலரின் மூலப் பிரதியோ இருக்குமாயின், எழுத்துருவின் பெயரை அறிந்தவர் உள்ளபோதே மாற்றி வையுங்கள்.

இனி, செய்ய வேண்டுவனவற்றைச் சுருங்கக் கூறுவோம். இல்லத்துக் கணிப்பொறிக்கு இரண்டு பாகங்கள் போதும். விண்டோஸ் 11 கோரும் குறைந்த அளவு இடம் 64 கிகாபைட். ஆயின் நிரல்களும் புதுப்பிப்புகளும் வளர்ந்துகொண்டே போவதால், 500 கிகாபைட் தட்டில் 150ஐ ஸிக்கு ஒதுக்குவது நன்று. அதிலும் ஐந்தில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும். டியில் ஆவணம், படம், குரல், எழுத்து என நான்கே அறைகள் இருந்தால் வீட்டில் யாரும் தேடித் தடுமாறார். கோப்பின் பெயரில் ஆண்டு, திங்கள், நாள் என்ற வரிசையில் எண்களை முதலில் இட்டால், அவை காலமுறைப்படி தாமே அணிவகுக்கும். எழுத்துருக்களின் பிரதிகளையும், விலைக்கு வாங்கிய நிரல்களின் உரிம எண்களையும் டியில் ஓர் அறையில் வைக்க. இக்காலக் கணிப்பொறிகள் பலவற்றில் பிட்லாக்கர் முறையிலான பூட்டு தானே விழுந்திருக்கும்; அதற்குரிய 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி, பழைய இரும்புப் பெட்டியிலேயே இடுக. அப்பெட்டிக்கு இன்னும் வேலை இருக்கின்றது.

இவ்வளவும் செய்து நிம்மதியாக உறங்கலாமோ? கூடாது. வரப்பு, பக்கத்து வயலின் மாட்டைத் தடுக்கும், வெள்ளத்தைத் தடுக்காது. தட்டு பழுதுற்றால் ஸியும் டியும் ஒன்றாகவே போகும். பிரிப்பது வேறு, பிரதி எடுப்பது வேறு. ஒரே இடத்தில் இருந்த ஒரே பிரதி என்னும் துயரைத் தமிழ் உலகம் நன்கு அறியும். 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும், வேறெங்கும் கிடைத்தற்கரிய சுவடிகளும் சாம்பலாயின. 2005ஆம் ஆண்டில் தொடங்கிய 'நூலகம்' என்னும் மின்னூலகம் ஈழத்து நூல்களைப் படியெடுத்து இணையத்தில் வைத்து வருகின்றது. நம் வீட்டுக்கும் அதுவே நெறி. டியில் உள்ளதைத் தனி வன்தட்டு ஒன்றில் படியெடுத்து, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது தமக்கை வீட்டுப் பீரோவில் வைத்து வருக. ஆண்டுக்கொரு முறை அதைத் திறந்து, புதியனவற்றைச் சேர்க்க. டில்லியில் ஒன்று, ஊரில் ஒன்று என்றால் இரண்டும் ஒரே நாளில் போகா.

பாட்டனாரின் வரலாற்றைத் தாளில் அச்சிட்டுத் தாயாரிடம் கொடுத்தோம். இரண்டு நாள் இருந்து படித்தார். மூன்றாம் நாள், "அம்மா பாட்டு இருந்ததே, அதையும் போடேன்" என்றார். அதற்கு நம்மிடம் விடை இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி உங்கள் கணிப்பொறியின் முகப்புத் திரையைப் பாருங்கள். அங்கே எவருடைய குரல் கிடக்கின்றதோ, யார் அறிவார்?