'திமிர்' என்று சொல்லாதீங்க!

என் அக்கா மகளுக்கு 23 வயது. காலையில், 'சித்தி, உன்னை மாதிரி யாரும் இல்லை...' என்று கட்டிக் கொள்வாள். மாலையில், ஒருமுறை போனை எடுக்காவிட்டால் போதும்... 'நீயும் என்னை விட்டுட்டுப் போயிடுவே!' என்று கத்துவாள். பிறகு, தன் கையையே காயப்படுத்திக் கொண்டு அழுவாள்.

'செல்லம் கொடுத்ததால வந்த திமிர்; ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சா சரியாயிடும்' என்றனர் உறவினர்கள். நானும் தான் சொன்னேன்.

'இது திமிர் இல்லம்மா, 'பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிஸ்ஆர்டர்' என்ற மனநோய். இதற்கென்று தனி மாத்திரை கிடையாது. பேச்சு வழி சிகிச்சை தான் முக்கியம்' என்றார் மனநல மருத்துவர். 'பேசறதுக்கு பீசா? அதை நாமளே பேசிட்டுப் போறோம்' என்றார் அத்தான்.

அது வெறும் பேச்சல்ல, சகோதரிகளே! 'டி.பி.டி.,' என்ற இந்த முறையில், வாரம் ஒருமுறை தனியாகவும், ஒருமுறை குழுவாகவும், பெரும்பாலும் ஓராண்டு வரை பயிற்சி தருகின்றனர். மனதில் பொங்குவது கோபமா, பயமா என்று இனம் காண்பது, அந்த நேரத்தை உடம்பைக் காயப்படுத்தாமல் கடப்பது, உறவை முறிக்காமல் கேட்க வேண்டியதைக் கேட்பது... இப்படி ஒவ்வொன்றாக, சமையல் பழகுகிற மாதிரி பழக்குகின்றனர். தினமும் எழுத வேண்டிய வீட்டுப் பாடமும் உண்டு.

இம்முறையை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லைன்ஹான், 1961ல், 17 வயதில், தன்னையே காயப்படுத்திக் கொண்டு மருத்துவமனையில் இருந்தவர் தான். அதை, 2011ல் அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

எங்களுக்கும் ஒரு பாடம் கிடைத்தது. 'இதுக்கெல்லாமா அழுவாங்க?' என்று கேட்கக் கூடாது, 'ரொம்ப பயந்துட்டியாம்மா?' என்று கேட்கணும். அவள் செய்ததற்கெல்லாம் தலையாட்ட வேண்டாம். அவள் வலி நிஜம் என்று ஒப்புக் கொண்டால் போதும்.

மாற்றம் தெரியவில்லை என்று நாலாவது மாதமே நிறுத்தப் பார்த்தனர். நான் சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்து, தொடர வைத்தேன். இன்னமும் கோபப்படுகிறாள். ஆனால், போன வாரம், கையைக் கீறிக் கொள்ளத் தோன்றியதும், எனக்கு போன் செய்து, 'சித்தி, கொஞ்ச நேரம் பேசிட்டு இரு' என்றாள். அது போதும் எனக்கு.

எங்கே போவது என்று தெரியாதவர்கள், அரசின், 'டெலி மானஸ்' 14416 எண்ணில், கட்டணமின்றி, தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம்.

தாய்மார்களே... பெண்ணின் ஜாதகத்தைக் கையில் எடுக்கும் முன், அவளை மனநல மருத்துவரிடம் கூட்டிட்டுப் போங்க!

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி.