தாக்குப் பிடிக்கிற சென்சார்தான் நல்ல சென்சார்

போன செமஸ்டர் மினி ப்ராஜெக்ட்ல, ஒரு ஹால் சென்சார் வாங்கி மோட்டார் வேகத்தை அளந்தோம். ரிவ்யூல வந்த கேள்வி ஒண்ணுதான்: "அக்யூரசி எவ்வளவு?" இது எத்தனை வருஷம் தாங்கும், தப்பா காட்ட ஆரம்பிச்சா எப்படித் தெரியும்னு யாரும் கேட்கல. உண்மையைச் சொன்னா, நாங்களும் யோசிக்கல.

ஃப்யூஷன் ரியாக்டர்ல வைக்கிற காந்த சென்சார்கள் பற்றிப் படிச்சப்போதான் அது எவ்வளவு பெரிய கேள்வின்னு உறைச்சது.

தெற்கு பிரான்ஸில் கட்டப்படும் ஐட்டர் ரியாக்டரை எடுத்துக்கோங்க. இந்தியாவும் அதில் பங்காளி. உள்ளே பிளாஸ்மா 15 கோடி டிகிரி செல்சியஸ் வரை சூடாகணும். அதைச் சுவரில் படாமல் பிடித்து வைப்பது காந்தப்புலம். பிளாஸ்மா எங்கே இருக்கு, எந்த வடிவத்தில் இருக்கு என்று கன்ட்ரோல் சிஸ்டத்துக்குச் சொல்வது காந்த சென்சார்கள். அவை தப்பா சொன்னால் கன்ட்ரோலும் தப்பாத்தான் போகும்.

வழக்கமான சென்சார் வெறும் கம்பிச்சுருள்தான். ஆனா ஃபாரடே விதிப்படி, புலம் மாறும்போது மட்டும்தான் அதில் வோல்டேஜ் வரும். புலத்தின் அளவு வேணும்னா அதை இன்டெக்ரேட் பண்ணணும். கூடவே சின்னச் சின்னப் பிழையும் சேர்ந்து கூடிக்கிட்டே போகும். மளிகைக் கடையில் தினமும் ஒரு ரூபாய் கணக்கு உதைத்தால் முதல் வாரம் தெரியாது. வருஷக் கடைசியில் தெரியும். அதே மாதிரிதான். போதாததற்கு, கதிர்வீச்சே கம்பியில் பொய் வோல்டேஜை உண்டாக்கும். சில நொடி ஓடும் மெஷினில் சமாளிக்கலாம். பிரான்ஸின் வெஸ்ட் டோகமாக் 2025 பிப்ரவரியில் பிளாஸ்மாவை 1337 நொடி பிடித்து வைத்தது. மின்நிலையம்னா இன்னும் எவ்வளவோ நேரம் ஓடணும்.

அப்போ ஹால் சென்சார் வைக்கலாமே? அது மாறாத புலத்தையும் நேராகக் காட்டும். ஆனா நாம வாங்குற செமிகண்டக்டர் சென்சார் அங்கே நிக்காது. உதாரணமா, இண்டியம் ஆன்டிமோனைடில் இருக்கும் இண்டியம், நியூட்ரானை விழுங்கிக் கொஞ்சம் கொஞ்சமா டின்னாக மாறும். டோப்பிங்கே மாறிப்போச்சுன்னா காலிப்ரேஷனுக்கு என்ன அர்த்தம்?

அதனால் ஆராய்ச்சியாளர்கள் உலோகத்துக்குப் போனார்கள். ஐட்டர் பாத்திரத்தின் வெளிப்புறத்துக்குப் பிஸ்மத் சென்சார். பிஸ்மத் 271 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால், இன்னும் சூடான இடங்களுக்குத் தங்கப் படலத்தைச் சோதிக்கிறார்கள். தங்கத்தில் வரும் சிக்னல் வெறும் மைக்ரோவோல்ட் கணக்குதான். தங்கமும் நியூட்ரான் பட்டுப் பாதரசமாக மாறும். ஆனா உலோகத்தில் ஏற்கெனவே எலக்ட்ரான்கள் ஏராளம். ஏரியில் ஒரு குடம் தண்ணி ஊத்தின மாதிரி, மாற்றம் பெரிசா தெரியாது.

1879-ல் எட்வின் ஹால் இந்த விளைவைக் கண்டுபிடித்ததும் தங்கத் தகட்டில்தான். அப்போ அவரும் நம்மள மாதிரி ஒரு ஸ்டூடன்ட்!

டேட்டாஷீட்டில் சென்சிடிவிட்டி அதிகமா இருக்கிறதைத் தேர்ந்தெடுக்கத்தான் நமக்குப் பழக்கம். அங்கே ஜெயிப்பது சிக்னல் கம்மியா இருந்தாலும் நிலையா இருக்கிற சென்சார். பத்து மடங்கு சிக்னலை ஆம்ப்ளிஃபையர் கொடுத்துடும். நம்பகத்தன்மையை எந்த ஆம்ப்ளிஃபையரும் கொடுக்காது. எடுத்து மாற்றவே முடியாத இடத்தில் பொருத்தப்போகும் சென்சாருக்கு, "எவ்வளவு துல்லியம்"னு கேட்பதற்கு முன்னாடி "எவ்வளவு நாள்"னு கேட்கணும்.

எங்க ஃபைனல் இயர் ரிப்போர்ட்டில் "இது எப்போ தப்பா காட்டும்?"னு ஒரு பக்கம் சேர்த்திருக்கோம். மார்க் வருமான்னு தெரியல. உங்க ரிப்போர்ட்லயும் ஒரு பக்கம் ஒதுக்கிப் பாருங்க.